சாக்பீஸில் ஒரு ரஃபாயெல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு அடுப்புப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். இன்றைய கதையில் கொலை இல்லை, துப்பாக்கி இல்லை, மாடியிலிருந்து யாரும் குதிக்கப் போவதும் இல்லை. ஒரு சுவர், அதில் ஒரு பெயர், அவ்வளவுதான். ஆனாலும் முடிகிற வரைக்கும் உங்களை எழுந்து போக விடாத கதை இது.

ஆம்ஸ்டர்டாமில், வாட்டர்லோப்ளைன் பழைய சாமான் சந்தைக்குப் பின்னால், கால்வாயைப் பார்த்த மாதிரி ஒரு தெரு. மழை விட்டிருந்த அந்த வியாழக்கிழமை மத்தியானம் அங்கே ஒரு வீட்டுச் சுவருக்கு முன்னால் மூன்று பேர் நின்றார்கள்.

ஒருத்தி செர்லின். போருக்கு முன்பு யூதர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தப் பேட்டையை வியாழன்தோறும் ஜனங்களுக்கு நடத்திக் காட்டுகிறவள். பேசிப் பேசித் தொண்டை கரகரத்துப் போனவள். இன்னொருத்தி துப்பறியும் ஹெட்டி கோக்கர்நோட். போலீஸில் இருந்து விலகித் தனியாகத் தொழில் செய்கிறவள், கதவு மாதிரி உருவம். அவள் குடும்பப் பெயருக்கு எங்கள் ஊர்ப் பேச்சில் தேங்காய் என்று பொருள். அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் இரண்டாம் முறை சிரித்ததில்லை, அவளுடைய உதவியாளன் யோப்பைத் தவிர. யோப், டிராம் ஓட்டியவன். நிறுத்தங்களின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும்போது ஜோக் அடித்ததற்காக வேலையை விட்டு அனுப்பப்பட்டவன். அவன் கையில் வெங்காயம் தூவிய ஹெர்ரிங் மீன் இருந்தது.

“மறுபடியும் வந்துடுச்சு, பாரு ஹெட்டி” என்றாள் செர்லின்.

கதவுக்குப் பக்கத்தில் நீல எனாமல் பலகை. மேலே ‘வான் ப்ராக் குடும்பம்’ என்று இருந்தது. கீழே மூன்று பெயர்கள்: ரஃபாயெல், ஹார்டோக், ரிப்கா. ‘இந்த வீட்டிலிருந்து கொண்டு போகப்பட்டார்கள். திரும்பவில்லை’ என்று ஒரு வரி. அவ்வளவும் நேர்த்தி. ஆனால் பலகைக்கு வெகு கீழே, முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே, வெறும் செங்கல்லின் மேல் வெள்ளையாக ஒரு சொல். மழையில் பாதி கரைந்திருந்தது.

ரஃபாயெல்.

“ஒவ்வொரு வியாழனும் நான் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து போனப்புறம் இது இருக்கு. மழை அழிக்குது, மறுவாரம் திரும்ப வருது. அதான் பலகைல இருக்கே! மேல இருக்கற பேரையே கீழ எழுதினா கேலி இல்லாம வேற என்ன? ஒரு கிழவர், ஒரு புருஷன் பெண்டாட்டி, இந்த மூணு பேருக்கு உலகத்துல வேற கல்லறை கிடையாது, ஹெட்டி. பல் டாக்டர் என்ன சொல்லிட்டார் தெரியுமா? இன்னிக்கு இன்னொரு தடவை எழுத்தைப் பார்த்தா பலகையைக் கழட்டி என் கையில குடுத்துடுவாராம்.”

வீட்டின் இப்போதைய சொந்தக்காரர் பல் டாக்டர் டென் பிரிங்க்.

யோப் குனிந்து, எழுத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். “பல்பொடி இல்ல, பாஸ்.”

“கண்டதையும் நக்காதே.”

“எழுதினவன் குள்ளன். இல்லேன்னா உட்கார்ந்து வேலை பார்க்கறவன். எனக்கென்னவோ டாக்டர் மேலதான் சந்தேகம். அவரே எழுதிட்டு, அதையே சாக்கா வச்சுப் பலகையைக் கழட்டப் பார்க்கறார்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் டாக்டர் வெளியே வந்தார். வெள்ளை அங்கி, பையில் திருப்புளி. “இங்க என்ன கூட்டம்? உள்ள ஒருத்தர் வாயைத் திறந்துட்டு உட்கார்ந்திருக்கார்.”

“மன்னிக்கணும், டாக்டர்” என்ற யோப்பின் கையிலிருந்து மீன் நழுவி டாக்டரின் காலடியில் விழுந்தது. “அடடா, கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்.”

டாக்டர் மீனைப் பார்த்தார். குனிய முயன்றார். பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். “இருபது வருஷமா அடுத்தவன் வாய்க்குள்ள வளைஞ்சு வளைஞ்சு, இதுக்குக் கீழ வளைய மாட்டேங்குது. நீயே எடுத்துக்கோ.” மீனைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார்.

“முழங்கால் உயரத்துல அவரால ஒரு புள்ளிகூட வைக்க முடியாது” என்றாள் ஹெட்டி. “இப்ப எழுத்தைப் பாரு. கோடு கத்தி விளிம்பு மாதிரி மெலிசா இருக்கு. பள்ளிக்கூடத்து சாக்பீஸ் உருண்டை, இப்படி விழாது. இது தட்டையான துண்டு. தையல்காரங்க துணியில மார்க் போடறது.”

“சாக்பீஸ் கிடக்கட்டும், பாஸ். ஒரே பேரை ரெண்டு தடவை எழுதறது அவ்வளவு பெரிய அதிசயமா? எங்க வீட்ல தாத்தா யோப், அப்பா யோப், நான் யோப். அம்மா திட்டினா யாரைன்னு தெரியாது, மூணு பேரும் சேர்ந்து முழிப்போம்.”

“உங்க வீட்ல நடக்கும்” என்றாள் ஹெட்டி. “எங்க யூத வீடுகள்ல உயிரோட இருக்கறவங்க பேரைக் குழந்தைக்கு வைக்கவே மாட்டோம். மரண தூதன் வந்து பேரைச் சொல்லிக் கூப்பிட்டா, கிழவனுக்குப் பதிலாக் குழந்தை எழுந்து போயிடக் கூடாதேன்னு பயம்.”

“நல்லவேளை, எங்க பக்கம் வர்ற தூதன் முகவரி சரிபார்த்துட்டு வர்றான்” என்றான் யோப், கீழே விழுந்த மீனைக் கவலையோடு பார்த்தபடி.

சந்தையின் முனையில் ஜனங்கள் சேர்ந்தார்கள். ஹெட்டியும் யோப்பும் புருஷன் பெண்டாட்டி போலக் கூட்டத்தில் கலந்துகொண்டார்கள். க்ரோனிங்கனிலிருந்து வந்த ஆசிரியத் தம்பதி, கேள்வி மேல் கேள்வி கேட்கிற ஒரு ஜெர்மன்காரர், தூக்கத்தில் நடக்கிற இரண்டு மாணவிகள், சிவப்புக் கோட்டு போட்ட ஒரு பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவள், உதட்டுச் சாயம் கச்சிதம்.

நாற்சந்தியில் பெரிய செங்கல் யூத ஜெபக்கூடம் ஒன்றைக் காட்டி, “இது போர்ச்சுகீசியரோட ஷூல்” என்றாள் செர்லின். எல்லாரும் தலையாட்டினார்கள். சிவப்புக் கோட்டுக்காரி மட்டும், தனக்குத்தானே பேசுவது போல, “ஸ்னோகா” என்றாள்.

ஹெட்டியின் காதில் அது விழுந்தது. அப்போது அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் கண் அந்தச் சிவப்புக் கோட்டின் மடிப்பில் இருந்தது. கழுத்துப் பட்டைக்கு உள்பக்கம் வரிசையாகக் குண்டூசிகள். வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு வேலை செய்கிறவர்கள் அங்கேதான் குத்தி வைப்பார்கள்.

“கண்டுபிடிச்சாச்சு” என்று கிசுகிசுத்தாள்.

“யாரு, அந்த ஜெர்மன்காரரா? கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்கறார், எழுதினதையும் திரும்ப எழுதியிருப்பார்.”

“வாயை மூடு, யோப்.”

டாக்டர் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. செர்லினின் குரல் இங்கே எப்போதும் கொஞ்சம் இறங்கும். “இந்த வீட்டுப் படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்து. பெரியவர் ரஃபாயெல் அதுல நடந்து இறங்க மாட்டாராம். ஒவ்வொரு படியிலயும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாராம். மாடியில இருந்தவர் எங்கிட்ட சொன்னது. இப்ப மேலே பாருங்க. முகட்டுல கொக்கி தெரியுதா? மேஜை, கட்டில் எல்லாம் கயிறு கட்டி அது வழியாத்தான் ஏத்துவாங்க, இறக்குவாங்க. இவங்களைக் கொண்டு போனப்புறம் வீட்டுச் சாமான் எல்லாம் அந்தக் கொக்கியிலதான் இறங்குச்சு.”

எல்லாத் தலைகளும் மேலே போயின. ஒரு தலை மட்டும் கீழே போனது.

ஹெட்டி அந்தத் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டு ஈரக் கல்லில் மண்டியிட்டது. கை சுவரில் ஒரு சொல்லைப் போட்டது. பழக்கப்பட்ட கை.

யோப் கூட்டத்தை நோக்கிக் கை தட்டினான். “மூலைக் கடைல இஞ்சி போலுஸ் பன் சூடா வந்திருக்கு! ரெண்டாவது கடியிலயே மோட்சம். எல்லாரும் சாப்பிட்டுட்டு வாங்க, வழிகாட்டி அம்மா இங்கயேதான் இருப்பாங்க.” கூட்டம் நகர்ந்தது. சிவப்புக் கோட்டுக்காரி எழுந்து திரும்பியபோது எதிரே யோப், பக்கத்தில் ஹெட்டி.

“வழியை விடு தம்பி. கல்யாண உடுப்புக் கடை வச்சிருக்கேன், ஹார்லெம்ல. மாப்பிள்ளைங்களைத் தள்ளிவிட்டுப் பழக்கம் எனக்கு.”

“நான் கல்யாணமே வேணாம்னு இருக்கறவன், மேடம். தள்ளினாலும் விழ மாட்டேன்.”

செர்லின் வந்துவிட்டாள். புதிய எழுத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. “நீங்களா? ஒரு வருஷமா வாராவாரம் வர்றீங்களே, எவ்வளவு அக்கறைன்னு நினைச்சேன். என் செத்தவங்களைக் கேலி பண்ண நீங்க யாரு?”

“உங்க செத்தவங்களா?” என்றாள் அந்தப் பெண்மணி. “என் பேர் ரெய்னா. கட்டிக்கிட்ட பேரை விடுங்க. பிறந்த பேர் வான் ப்ராக்.”

கால்வாயில் ஒரு படகு போனது.

“ஒரு பொண்ணு இருந்ததாச் சொன்னாங்க” என்றாள் செர்லின் மெதுவாக. “முன்னாடியே ஊர்ப்பக்கம் அனுப்பி ஒளிச்சு வச்சுட்டாங்கன்னு.”

“நான்தான் அது. ஏன், திரும்பி வருவேன்னு நினைக்கலையா?”

“அப்ப இதெல்லாம் எதுக்கு? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!”

“கேட்டேன். போன வசந்தத்துல, இதே இடத்துல. ‘தாத்தாவும் பேரனும் ஒரே வீட்ல ஒரே பேரோட இருப்பாங்களா’ன்னு கேட்டேன். சிரிச்சீங்க. பிரியமான சிரிப்புதான், குத்தம் சொல்லலை. ‘நம்மவங்க வீட்ல அது நடக்கவே நடக்காதும்மா, மரண தூதன் குழம்பிடுவான்’ன்னீங்க.”

செர்லினுக்கு நினைவில்லை. எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்கிறார்கள்.

ரெய்னா சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “எனக்கு ஒரு தம்பி. ரெண்டு வயசு. அழற குழந்தையை ஒளிச்சு வைக்க யாரும் வாங்கிக்கலை, என்னை மட்டும் ஃப்ரீஸ்லாந்துல ஒரு பண்ணை வீட்டுக்கு அனுப்பினாங்க. எனக்கு அப்ப ஆறு வயசு. ரஃபாயெல்னு சொல்லி அழுவேன். வளர்த்தவ நல்லவ, பால் காய்ச்சிக் குடுத்து ‘ரஃபாயெல் உங்க தாத்தாடி, தாத்தா வந்துடுவார்’ம்பா. இல்ல, தாத்தாவும் ரஃபாயெல்தான், தம்பியும் ரஃபாயெல்தான்னு சொல்வேன். சிரிப்பா. எங்க வீட்ல ரஃபாயெல்னு கூப்பிட்டா ரெண்டு தலை திரும்பும், அது எனக்கு நல்லா ஞாபகம். ஆனா யார்கிட்ட சொன்னாலும் குழப்பிக்கிட்டேங்கறாங்க. படிச்சவங்க நீங்களும் சொல்லிட்டீங்க. பயந்துபோன புள்ள, துணைக்கு ஒரு தம்பியைத் தானே பண்ணிக்கிச்சு போலன்னு நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன்.”

“எங்க வீட்ல மூணு தலை திரும்பும், மேடம்” என்றான் யோப். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. “நான் நம்பறேன்.”

“ஆவணக் காப்பகத்துல கேட்டா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்களே” என்றாள் ஹெட்டி.

“தெரியும். வாசப்படி வரைக்கும் போவேன், திரும்பிடுவேன். ‘அப்படி ஒரு குழந்தையே இல்லை’ன்னு ஒரு குமாஸ்தா சொல்லிட்டா? இருந்து செத்தவனுக்கு அழலாம். இல்லவே இல்லாதவனுக்கு எங்க போய் அழறது? இங்க எழுதினா, மழை வர்ற வரைக்கும் இருக்கான்.”

“ஏன் இவ்வளவு கீழ?”

“மேல எழுதினா பெரிய ஆள் மாதிரி ஆயிடும். அவன் இவ்வளவுதான் இருந்தான்.”

ஹெட்டி அந்த உயரத்தைப் பார்த்தாள். எத்தனையோ வீடுகளில் பிணங்களைப் பார்த்த அந்தப் பெரிய உருவம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு பக்கம் திரும்பியது. பிறகு சட்டென்று கேட்டாள்.

“நாற்சந்தியில ஜெபக்கூடத்தை என்னன்னு சொன்னீங்க?”

“ஸ்னோகா. ஏன், தப்பா? ஊரெல்லாம் ஷூல்ங்குது. என் வாயில மட்டும் அதான் வருது. தாத்தா கையைப் பிடிச்சு அங்கதான் கூட்டிட்டுப் போவார்.”

“எந்தத் தாத்தா?”

“அம்மாவோட அப்பா. எங்ககூடத்தான் இருந்தார்.”

“தப்பில்லம்மா. நானும் செர்லினும் ஷூல்னு சொல்வோம், எங்க பாட்டன்மார் ஜெர்மனி, போலந்து பக்கத்துலேருந்து வந்தவங்க. உங்க அப்பாவும் அந்த வழி, பேர்லயே ப்ராக் ஊர் இருக்கு. ஆனா ஸ்னோகான்னு சொல்றவங்க போர்ச்சுகல் வழி வந்த யூதங்க மட்டும்தான். உங்க அம்மா வழி.” ஹெட்டி திரும்பினாள். “செர்லின், போர்ச்சுகீசியங்க பிள்ளைக்குப் பேர் எப்படி வைப்பாங்க?”

செர்லினுக்குத் தெரியும். பெரிய ஜெபக்கூடத்தின் முற்றத்தில் வாராவாரம் அவளே சொல்கிற சேதி அது. ஆனால் ப்ராக் என்று பெயர் எழுதிய வீட்டு வாசலில் அதை ஒருநாளும் நினைத்ததில்லை.

“உயிரோட இருக்கற தாத்தா பேரை வைப்பாங்க” என்றாள். ஒவ்வொரு சொல்லும் கல் மாதிரி விழுந்தது. “அவருக்கு மரியாதைன்னு.”

மறுகணம் அவள் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, ஹெட்டி. அக்கம்பக்கத்துல இருந்தவங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பேர் சேர்த்தேன். மீன்காரரோட சம்சாரம், ‘ரஃபாயெலுக்கு நல்ல குரல், ஓய்வு நாள் பாட்டுன்னா தெருவே நிக்கும்’னா. மாடிக்காரர், ‘ரஃபாயெல் படியில உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குறது இன்னும் கண்ணுல இருக்கு’ன்னார். ரெண்டு பேரும் ஒருத்தரைத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். கிழவருக்கு மூட்டு வலின்னு நினைச்சேன்.”

ரெய்னா அவளை உற்றுப் பார்த்தாள். “தாத்தாவுக்கு மூட்டு வலியா? ரெண்டு ரெண்டு படியாத் தாவி இறங்குவார் அவர். அம்மா கத்துவா.”

தான் சொன்ன சொல்லே அவளுக்குள் இறங்க நேரம் பிடித்தது. மேலே இருந்து, ஒரு படி, இன்னொரு படியாக.

“அப்ப... உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினது...” ரெய்னாவின் கை வாயை மூடிக்கொண்டது. “வாராவாரம் நீங்க சொல்வீங்களே. வாராவாரம் இங்கயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேனே. கிழவரைப் பத்தித் தப்பாச் சொல்றாங்க, போகட்டும்னு இருந்தேன். என் தம்பியைப் பத்தியா சொல்லிக்கிட்டு இருந்தீங்க?”

“ஆமா” என்றாள் செர்லின். “அவன் இருந்தான். மாடிக்காரர் கண்ணால பார்த்திருக்கார். நான்தான் அவனைக் கிழவருக்குள்ள தள்ளி மூடிட்டேன்.”

“உங்க மரண தூதன் குழம்பலை” என்றாள் ரெய்னா. செர்லினுக்குச் சொன்னாளா, சுவருக்குச் சொன்னாளா, தெரியவில்லை. “ரெண்டு பேரையும் சரியாக் கூட்டிட்டுப் போயிட்டான்.”

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. டாக்டர் டென் பிரிங்க், கையில் திருப்புளி. புது எழுத்தைக் கண்டதும் அவர் கழுத்து சிவந்தது. “சொன்னேனா இல்லையா? போதும். இப்பவே கழட்டறேன்.”

யோப் குறுக்கே போனான். செர்லின் அவன் தோளைத் தொட்டு விலக்கினாள்.

“கழட்டுங்க, டாக்டர்.”

“என்னது?”

“கழட்டுங்க. அது தப்பா இருக்கு. இந்த வீட்லேருந்து போனவங்க நாலு பேர். நான் மூணுன்னு எழுதிட்டேன்.”

தகராறுக்குத் தயாராக வந்த மனிதர் எதிராளி இல்லாமல் நின்றார். ரெய்னாவைப் பார்த்தார், தரையோரத்து எழுத்தைப் பார்த்தார். வேறு குரலில், “எத்தனை வயசு?” என்று கேட்டார்.

“ரெண்டு.”

அவர் பலகைக்கு முன்னால் போனார். திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பலகையைத் தன் அங்கியால் துடைத்து இரண்டு கையாலும் செர்லினிடம் கொடுத்தார். “நாலு பேரையும் எழுதிக் கொண்டு வாங்க. சுவர் இங்கயேதான் இருக்கும்” என்று சொல்லி, இடுப்பைப் பிடித்தபடி உள்ளே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

பலகை இருந்த இடம் வெளிறிக் கிடந்தது. அந்த வீட்டுச் சுவரில் அப்போது ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

“என்னை மன்னிச்சிடுங்க” என்றாள் செர்லின்.

“அது இன்னிக்கு முடியாது” என்றாள் ரெய்னா. கோபமில்லாமல்தான் சொன்னாள். “ஒண்ணு மட்டும் செய்ங்க. அவன் பேரைச் சத்தமாக் கூப்பிடுங்க. அம்பது வருஷமா நான் மட்டும்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். வேற ஒருத்தர் வாயால அவனைக் கூப்பிட்டுக் கேக்கணும்.”

செர்லின் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டாள். குழந்தையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, அந்தக் கரகரத்த குரலில் கூப்பிட்டாள்.

“ரஃபாயெல்!”

சைக்கிளில் போன ஒருவன் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான். பாலத்தின் மேல் ஒரு நாய் காதை உயர்த்தியது. ரெய்னா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சின்னப் பையன் அந்தச் செங்குத்துப் படிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வர எவ்வளவு நேரம் பிடிக்குமோ, அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு சிவப்புக் கோட்டின் முழங்காலில் ஒட்டியிருந்த ஈர மண்ணைத் தட்டிவிட்டு, ஹெட்டி நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள்.

போய் வாருங்கள், என் கண்ணுகளே. உங்கள் வீட்டில் யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும், அடுப்படியிலிருந்தோ மாடியிலிருந்தோ ‘இதோ வர்றேன்’ என்று ஒரு குரல் வரட்டும். கூப்பிட்டவர்கள் காத்து நிற்க வேண்டாத வீடாக, உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும்.